சூடு ஆகுதா, இல்லையா?

மூன்று வருடங்களுக்கு முந்தைய மார்கழியில் நடந்தது இது. ஓசூர் தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், டெஸ்டிங் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். ஒரு கட்டின் எல்லா வயரும் சரியான இடத்தில் போய்ச் சேருகிறதா என்று மேஜையில் மாட்டிப் பார்ப்பது என் வேலை. சேர்ந்தால் பச்சை விளக்கு, சேராவிட்டால் சிவப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது.

எங்கள் வீடு தேன்கனிக்கோட்டையைத் தாண்டி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில் அப்பாவுக்கு வேலை. நான் பள்ளியில் படிக்கும்போது அருப்புக்கோட்டையிலிருந்து குடிவந்தோம். அருப்புக்கோட்டையில் குளிர்காலம் என்றால் ஃபேனை ஒரு சுற்றுக் குறைத்து வைப்போம், அவ்வளவுதான். ஓசூர்க் குளிரை ஊரில் சொன்னால் இன்னும் நம்பமாட்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் அது பெரிய குளிர் இல்லைதான். விடியும் முன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு பனிக்குள் போகிறவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். முதலில் முழங்கால் மரத்துப்போகும், பிறகு விரல். மத்திகிரி வருவதற்குள் பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா விட்டிருக்கிறோமா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம்வரை எனக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் தடத்தில் கம்பெனி பஸ் ஓடியது. அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்து முடித்த கையோடு, ஆள் குறைவு என்று சொல்லி எங்கள் தடத்து பஸ்ஸை மட்டும் நிறுத்திவிட்டார்கள். முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. அரசு பஸ்ஸின் முதல் நடையைப் பிடித்து ஓசூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி கேட்டுக்கு வந்தால், உள்ளே வேலை ஆரம்பித்திருக்கும். எங்கள் தடத்தில் வந்துகொண்டிருந்த பெண்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சிலர் கணவரையோ தம்பியையோ எழுப்பி வண்டியில் கொண்டுவிடச் சொன்னார்கள். எனக்கு அப்பாவின் பழைய பைக் இருந்தது.

அசெம்பிளி லைனில் என் மேஜைக்கு அடுத்து ஓர் அக்கா இருந்தார். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் வாய் ஒரே மாதிரிதான். கனெக்டரின் சின்னச் சின்னத் துளைகளில், வயர் நுனியில் இருக்கும் டெர்மினலைச் சொருகும் வேலை அவருக்கு. அந்த லைனிலேயே வேகமான கை அவருடையது. கணவர் லாரி ஓட்டுகிறவர்; மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அக்காவைக் கொண்டுவந்து விட ஆள் இல்லை. பஸ் நின்ற மறுநாளிலிருந்து அவர் என் பைக்கின் பின்சீட்டில் வரத் தொடங்கினார்.

“நீ கொஞ்சம் குண்டா இருந்திருக்கலாம் பாப்பா. ரெண்டு பக்கமும் காத்து வருது” என்பார், என் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு.

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. ஷிப்ட் தொடங்கி முதல் ஒரு மணி நேரம் என் மேஜையில் சிவப்பு விளக்கு அடிக்கடி எரிந்தது. பிரித்துப் பார்த்தால் டெர்மினல் முழுதாக உள்ளே போயிருக்காது. அது உட்காரும்போது வரவேண்டிய ‘டிக்’ வந்திருக்காது. டீ நேரம் முடிந்ததும் தானாகவே சரியாகிவிடும். குளிரில் மரத்த விரல்கள்தான் காரணம். அதுவும் எங்கள் தடத்துப் பெண்களின் மேஜைகளிலிருந்து வந்தவைதான் அதிகம். அக்காவின் மேஜையிலிருந்து சிவப்பு வருவதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. சூப்பர்வைசர் அவர் பின்னால் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிரச்சினை வந்தால் அதை வரிசையாகப் பிரித்து எழுதி, எதை என்னால் சரிசெய்ய முடியும் என்று பார்ப்பேன். பஸ் என் கையில் இல்லை. பனி என் கையில் இல்லை. உடம்புச் சூடு என் கையில் இருந்தது.

இணையத்தில் தேடியபோது, வெளிநாடுகளில் பைக் ஓட்டுகிறவர்கள் மின்சாரத்தில் சூடாகும் உடுப்புகள் போட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. இங்கே கிடைத்த ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பவர் பேங்க்கில் ஓடும் கையில்லாத ஜெர்கின். வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சந்தோஷப்படும்போதே ஆறிப்போகும். பாதி வழிகூட வராது. ஆகவே நானே செய்ய உட்கார்ந்தேன். சூடாகும் கார்பன் துணிப் பட்டைகளை வரவழைத்து, பஞ்சு வைத்த ஒரு ஜெர்கினுக்குள் முதுகுப்பக்கமும் நெஞ்சுப்பக்கமும் வைத்துத் தைத்தேன். மின்சாரத்தை பைக்கின் பேட்டரியிலிருந்தே எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்ய ஒரு ரிலே, கோளாறு வந்தால் உடனே துண்டிக்க ஒரு ஃப்யூஸ், வண்டியிலிருந்து இறங்கினாலும் விழுந்தாலும் தானே கழன்றுகொள்ளும் ஓர் இணைப்பு. ஹெட்லைட்டும் எரிந்து இதுவும் ஓடினால் அந்தச் சின்ன வண்டி தாங்குமா என்று மீட்டரை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பட்டைகளைக் குறைத்தேன். கையுறை வேண்டாம் என்று முடிவு செய்தது யோசித்துத்தான். நடு உடம்பு சூடாக இருந்தால் ரத்தம் விரல் நுனிவரை ஓடும்; விரல் மரக்காது.

அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏன்டி, கரண்டை மேல சுத்திக்கிட்டா வேலைக்குப் போகப்போற?”

“பேட்டரி கரண்ட்தாம்மா. இது ஷாக் அடிக்காது.”

“அடிச்ச பெறகு வந்து சொல்லு” என்றார் அம்மா.

ஒரு வாரம் நான் போட்டுப் பார்த்தேன். எந்தக் கோளாறும் இல்லை. பிறகு அக்காவுக்கு ஒன்று தைத்து, பின்சீட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் இணைப்பும் வைத்தேன். முதல்நாள் மாட்டிக்கொண்டு ஏறியவர் வெகுதூரம் பேசவே இல்லை. அவர் பேசாமல் வந்தது எனக்குப் பயமாக இருந்தது. மத்திகிரி நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாப்பா, முதுவுல எவனோ இஸ்திரி போடுற மாதிரி இருக்குது.”

“சுடுதாக்கா? நிறுத்தட்டா?”

“நிறுத்துனா கொன்னுடுவேன். ஓட்டு.”

அன்று முதல் மணி நேரத்தில் அக்காவின் மேஜையிலிருந்து சிவப்பு வரவில்லை. அந்த மார்கழியில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான்.

அடுத்த வாரம் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். ஜெர்கினுக்குக் கீழே தொங்கிய வயர் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“என்னாம்மா இது, வயரு தொங்குது? உள்ள என்னா வெச்சிருக்க?”

நான் விளக்குவதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “குண்டுதாண்ணா. வெடிச்சா ஒனக்கும் லீவு.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெச்.ஆர். அதிகாரிக்கு ஃபோன் போட்டுவிட்டார். அவர் வந்து ஜெர்கினை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். ஃப்யூஸ் எங்கே, ரிலே எங்கே என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. திட்டு வாங்குவோம் என்று நின்றவளுக்குப் பாராட்டு கிடைத்தது. “வெரி குட் இனிஷியேடிவ். இதை போர்டுல போடணும்மா” என்றார்.

எங்கள் தொழிற்சாலையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிரிவும் மாதம் ஒரு முன்னேற்றத்தைச் செய்து காட்ட வேண்டும். கேன்டீனுக்குப் போகும் வழியில் பிரிவுக்கு ஒரு பெரிய போர்டு மாட்டியிருக்கிறது. பிரச்சினை என்ன, காரணம் என்ன, என்ன செய்தோம், பலன் என்ன என்று நான்கு கட்டங்களில் எழுதி, ‘முன்’ என்று ஒரு படமும் ‘பின்’ என்று ஒரு படமும் ஒட்டுவார்கள். மேலதிகாரிக்குத் திருப்தியானால் மூலையில் பச்சை வட்டம் ஒன்றை ஒட்டிவிடுவார். பச்சை ஒட்டியாகிவிட்டால் அந்தப் பிரச்சினை முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது.

என்னையும் படம் பிடித்தார்கள். ‘முன்’ படத்துக்காக மதிய வெயிலில் பைக் பக்கத்தில் நிற்கவைத்து, குளிரில் நடுங்குவது போல நிற்கச் சொன்னார்கள். நடுங்கினேன். ‘பின்’ படத்துக்கு ஜெர்கினைப் போட்டுக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். வேர்த்து வடிய, சிரித்தேன்.

இது நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் எங்கள் தடத்துப் பெண்கள் பஸ்ஸைத் திரும்பக் கேட்பது என்று முடிவு செய்தார்கள். வருடம் முழுக்கக்கூட வேண்டாம், பனிக்காலம் முடியும்வரையாவது முதல் ஷிப்டுக்கு விடுங்கள் என்று கேட்கலாம் என்றார்கள். மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. காரணங்களைச் சொல்லச் சொன்னேன். ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். பனியில் எதிரே வரும் கல் லாரி தெரிவதில்லை. கேழ்வரகு அறுக்கும் காலம் என்பதால் காட்டிலிருந்து யானைகள் வந்து ரோட்டைக் கடக்கின்றன. ஒயின் ஷாப் இருக்கும் வளைவில், விடியும் முன்பே அங்கே கிடப்பவர்கள் எழுந்து வண்டியை மறிக்கிறார்கள். சிலருக்கு வண்டியே இல்லை. அப்புறம் குளிர்.

நான் குளிரை முதலில் எழுதினேன். அதற்குத்தான் என்னிடம் ஆதாரம் இருந்தது. முதல் மணி நேரச் சிவப்பு விளக்குகளை மேஜைவாரியாகக் கூட்டி இணைத்தேன்.

“யானைய மொதல்ல போடு பாப்பா. யானைன்னா அவங்களுக்கும் பயம்” என்றார் அக்கா.

“யானை தினமும் வர்றதில்லையேக்கா. ஆதாரம் கேட்டா என்ன காட்டுறது?”

“சரி, படிச்ச பொண்ணு நீ. எப்புடி போட்டா பஸ் வருமோ அப்புடி போடு.”

மாதக் கடைசியில் கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு கூட்டம் நடக்கும். அந்த மாதம் பிளான்ட் தலைவரும் வந்து முன்வரிசையில் இருந்தார். எங்கள் தடத்துப் பெண்கள் ஒன்றாக ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தோம். ஹெச்.ஆர். அதிகாரி மைக்கைப் பிடித்து எங்கள் மனுவைக் கையில் எடுத்தபோது, அக்கா மேஜைக்கடியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஃபர்ஸ்ட் பாயின்ட் குளிர். டேட்டாவோட குடுத்திருக்காங்க, அப்ரிஷியேட் பண்றேன். இதுல ஒரு சந்தோஷமான விஷயம் என்னன்னா, இதுக்கு சொல்யூஷனும் நம்மகிட்டயே இருக்கு. அந்தப் பொண்ணு எங்க? மேல வாங்கம்மா.”

நான் மேலே போனேன். பின்னால் திரையில் என் ‘முன்’ படமும் ‘பின்’ படமும் பெரிதாகத் தெரிந்தன. பிளான்ட் தலைவர் எழுந்து வந்து எனக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தார். கை தட்டினார்கள். ஹெச்.ஆர். அதிகாரி மைக்கை என் பக்கம் நீட்டினார்.

“டெய்லி இதைத்தானே போட்டுட்டு வர்றீங்க?”

“ஆமா சார்.”

“சேஃப்தானே?”

“ஃப்யூஸ் இருக்கு சார். சேஃப்தான். ஆனா சார், பஸ்சு...”

“அதுக்குத்தான் வர்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சூடு ஆகுதா, இல்லையா?”

நான் டெஸ்டிங்கில் இருப்பவள். இப்படிக் கேட்டால் எனக்கு இரண்டு பதில்தான் தெரியும். நானே செய்தது, நானே சோதித்தது. ஆகவில்லை என்று சொல்வது பொய்.

“ஆகுது சார்” என்றேன்.

அவர் மைக்கைத் திருப்பிக்கொண்டார். எங்கள் தடத்தில் வருகிற எல்லாப் பெண்களுக்கும் பொங்கலுக்கு முன்னால் கம்பெனி செலவிலேயே இந்த மாதிரி ஜெர்கின் தரப்படும் என்று அறிவித்தார். மற்ற காரணங்களை வேகமாகப் படித்தார். பனி இயற்கை. யானையை வனத்துறை பார்த்துக்கொள்ளும். மற்றவை அவரவர் சொந்தப் பிரச்சினை. பையிலிருந்து பச்சை வட்டத்தை எடுத்து, கொண்டுவந்திருந்த என் போர்டின் மூலையில் ஒட்டினார்.

கீழே அக்கா எழுந்து நின்றார். “சார், வண்டி இல்லாதவங்க அத எதுல சொருவறது?”

“உங்களுக்கு பவர் பேங்க் மாடல் தருவோம்மா.”

“பவர் பேங்க்ல ஏறி ஒக்காந்து வேலைக்கி வர முடியுங்களா சார்?”

கேன்டீனே சிரித்தது. ஹெச்.ஆர். அதிகாரியும் நன்றாகச் சிரித்தார். “நல்லா பேசுறீங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அக்கா சிரிப்பு அடங்கும்வரை நின்றுபார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஹாட் பாக்ஸுடன் மேஜைக்குத் திரும்பியபோது ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. “அதுலயாவது சூடு நிக்குதான்னு பாரு” என்று மட்டும் அக்கா சொன்னார்.

சொன்னபடியே ஜெர்கின்கள் வந்தன. நான் செய்தது போல இல்லை. மலிவான பவர் பேங்க் சரக்கு. வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அக்கா தன்னுடையதை மடித்து ஸ்டூலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்தார். எனக்கு ‘ஹீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். நான் சாப்பாட்டுத் தட்டுடன் வந்தால், “தள்ளி ஒக்காருங்கப்பா, ஹீட்டரு வருது, சுட்டுடும்” என்பார்கள். ஹெச்.ஆர். சாருக்கு நான் வேண்டிய ஆள் என்றும், பஸ்ஸைத் திரும்ப விடாமலிருப்பதற்காகவே இதைச் செய்யச் சொன்னார்கள் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அந்த மனுவை எழுதியதே நான்தான் என்பதை, எழுதச் சொன்னவர்களே மறந்துவிட்டார்கள்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு.

ஜெர்கின்கள் கொடுத்த மறுநாள் காலை, வழக்கம் போல அக்கா நிற்கும் இடத்தில் பைக்கை நிறுத்தினேன். பனியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். ஏறவில்லை.

“ஏறுங்கக்கா, நேரமாகுது.”

“நீ போ பாப்பா.”

“எம்மேல கோவமாக்கா?”

“கோவம் இல்லன்னா பொய்யி. ஆனா அதுக்கோசரம் இல்ல.” துண்டை இழுத்து இறுக்கிக்கொண்டார். “நான் ஒம்பின்னால ஒக்காந்துகினு டைமுக்குப் போயி நின்னா, பாரு, பஸ் இல்லாமயே வர்றாங்கன்னுதான் சொல்லுவானுங்க. அதான் கவர்மென்ட் பஸ்ல லேட்டா போறம். எல்லாரும் பேசி வெச்சிருக்கோம். லைனு கொஞ்ச நேரம் நிக்கட்டும், அப்ப தெரியும்.”

அந்தப் பேச்சில் என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்கா சொன்னதில் தப்பே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு நானும் பைக்கை ஓரமாக நிறுத்தினேன். நானும் லேட்டாக வருகிறேன் என்றேன்.

“நீ வராத. நீ பர்மனென்ட்டு, ஒன்ன ஒண்ணும் பண்ண மாட்டானுங்க. ஹீட்டரும் லேட்டுன்னா அதுக்குள்ள வேற கத கட்டுவாங்க. போ.”

நான் போனேன். பின்சீட்டு இணைப்பு காற்றில் ஆடி ஆடி வண்டியில் இடித்துக்கொண்டே வந்தது.

முதல் சில நாட்கள் எல்லோரும் சேர்ந்தே லேட்டாக வந்தார்கள். லைன் தடுமாறியது. சூப்பர்வைசர் கத்தினார். அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பிறகு ஒப்பந்தக்காரர் வந்து, லேட்டானால் அரை நாள் வெட்டு, தொடர்ந்தால் கேட் பாஸைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். மறுநாள் ஒருத்தியை அவள் கணவன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். சிலர் ஒன்றாகச் சேர்ந்து மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, வாரக் கடைசியில் மட்டும் ஊருக்குப் போனார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் போகிற ஒருவர்கூட அக்காவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு காலையும் லேட்டாக வந்து பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். கடைசியில் கேட்டில் லேட்டாக நிற்பவர் அவர் ஒருவர்தான் என்று ஆனது.

அப்போதும் நான் தினமும் பைக்கை நிறுத்தினேன். “ஏறுங்கக்கா, இனிமே யாருக்காக நிக்கிறீங்க” என்றுகூடக் கேட்டேன். அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது அக்காவின் ஸ்டூலில் வேறொரு பெண் இருந்தாள். கீழே மடித்துக் கிடந்த ஜெர்கினை அவள் எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள்.

நான் நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். குரலை உயர்த்தாமல், சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். லைனிலேயே நல்ல கை அக்காவுடையது. அவர் லேட்டானது பஸ் இல்லாததால். பஸ் இருந்த இத்தனை வருடத்தில் ஒருநாளும் லேட்டானதில்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தார்.

“அவங்க உங்க வண்டியில வந்துட்டிருந்தவங்கதானே?”

“ஆமா சார்.”

“நீங்க கூட்டிட்டு வரமாட்டேன்னு சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்னம்மா? ஃபெசிலிட்டி இருந்தும் யூஸ் பண்ணிக்கலைன்னா நாங்க என்ன பண்றது?”

இரண்டு கேள்வி, இரண்டு பதில். இரண்டும் சரியான பதில்கள். வெளியே வந்து போர்டைக் கடந்துதான் என் மேஜைக்குப் போக வேண்டும். என் ‘பின்’ படம் அங்கே சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த போர்டை அதற்குப் பிறகு பலர் வந்து பார்த்தார்கள். வாடிக்கையாளர் கம்பெனிகளிலிருந்து பார்வையிட வருகிறவர்களிடம், பெண் தொழிலாளர்களின் நலனுக்காகச் செய்தது என்று அதைக் காட்டுவார்கள். பக்கத்தில் நின்று விளக்குவதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை அப்படி வந்த ஒரு பெண் அதிகாரி, இத்தனை தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் இல்லையா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹெச்.ஆர். அதிகாரி, “இவங்களுக்கு பைக்லயே வர்றதுதான் பிடிச்சிருக்கு மேடம்” என்றார். இல்லை மேடம், பிடிக்கவில்லை, பஸ்தான் கேட்டோம் என்றேன். அந்த அம்மா தலையசைத்துவிட்டு அடுத்த போர்டுக்கு நகர்ந்தார். அதற்குப் பிறகு விளக்குவதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை. போர்டு மட்டும் இருக்கிறது.

பஸ் வரவில்லை. அடுத்த பனிக்காலத்தில் மனு எழுதலாமா என்று நானே கேட்டுப் பார்த்தேன். எங்கள் தடத்தில் மிச்சமிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, “விடுக்கா, அப்புறம் செருப்புக்கும் ஹீட்டர் வெச்சுக் குடுப்பாங்க” என்றாள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்துடன் அது முடிந்தது.

அக்கா என் ஃபோனை எடுக்கவில்லை. அத்திபெலே தாண்டி, கர்நாடகப் பக்கத்து கார்மென்ட்ஸ் ஒன்றில் சேர்ந்துவிட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள். சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு டெர்மினல் சொருகிய அந்தக் கைக்கு அங்கே மதிப்பில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் சம்பளம்தான். ஆனால் வேன் தேன்கனிக்கோட்டைவரை வருகிறது.

போன மார்கழியில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். மத்திகிரிக்கு முன்னால் லாரி ஒன்று ரோட்டை அடைத்து நின்றுவிட, வண்டிகள் வரிசையாகத் தேங்கின. பனியில் எனக்கு இடப்பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்ளிருந்து மூச்சு படிந்திருந்தது. ஒரு கை அதைத் துடைத்தது. அக்கா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியை நகர்த்தினார்.

“நல்லாக்கிறியா பாப்பா?”

“இருக்கேன்க்கா. நீங்க?”

“பஸ்ஸு வுட்டாங்களா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.”

தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே யாரோ கன்னடத்தில் குளிர்கிறது, மூடு என்று சத்தம் போட்டார்கள். அக்கா கண்ணாடியை மூடிவிட்டார். லாரி நகர்ந்ததும் வேன் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

எனக்குக் குளிரவில்லை. அந்த ஜெர்கினில் இன்றுவரை ஒரு பழுதும் வந்ததில்லை, என் கையால் செய்தவற்றில் அதைவிட நன்றாக வேலை செய்யும் பொருள் வேறில்லை, ஆனால் அதை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு விடியலிலும் நாங்கள் கேட்டது இதை இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.